ஓவியச் சிகிச்சையாளரின் மூன்றாவது கை

மலர்க் குழுவின் செயலாளர் ஒரு நாள் இரவு, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரே வந்து அமர்ந்தார். "நீங்கள் படிப்பது என்ன என்று நம் சங்கத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. உளநூல் என்கிறார்கள். சனிக்கிழமைதோறும் வண்ணப் பெட்டியும் தாளும் சுமந்துகொண்டு எங்கோ போகிறீர்கள். ஓவியப் பள்ளி நடத்துகிறீர்களா, வைத்தியம் பார்க்கிறீர்களா? நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

நான் நடத்துவது ஓவியப் பள்ளி அன்று. வைத்தியம் பார்க்கும் தகுதியும் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தொழில் இருக்கிறது. அதைக் கற்கும் ஆசையோடுதான் டில்லிக்கு வந்தேன். அதைப்பற்றி எனக்குத் தெரிந்தவரையில் இங்கே சொல்கிறேன். நான் செய்த பிழை ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் பாடம் விளங்காது.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ஆர்ட் தெரப்பி என்று வழங்கும் இத்துறைக்கு அப்பெயரை இட்டவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1938ஆம் ஆண்டில் காசநோயால் பீடிக்கப்பட்டு, இங்கிலாந்தின் தென்பகுதியில் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊருக்கருகே இருந்த ஆரோக்கிய நிலையத்தில் அவர் படுத்திருந்தார். அந்நோயைத் தீர்க்கும் மருந்துகள் அன்று வந்திருக்கவில்லை. ஓய்வும் நல்ல காற்றுமே மருந்து. நாள் முழுதும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிடக் கண்ணுக்குப் பட்டதை வரையலாம் என்று தொடங்கினார். பின்னர் அங்கிருந்த மற்ற நோயாளிகளையும் வரையச் செய்தார். 1942இல் இம்முறைக்குப் பெயர் வைத்தார். 1945இல் நூலும் எழுதினார். படம் போட்டால் நுரையீரல் புண் ஆறிவிடும் என்று ஹில் சொல்லவில்லை. தன் நோயையே சுற்றிச் சுற்றி வரும் மனத்துக்கு வேறொரு வேலை கொடுத்தால், உடல் தேறுவதற்கும் அது துணை செய்யும் என்றார். அவ்வளவுதான்.

குழந்தைகளிடம் வரும்போது காரியம் இவ்வளவு எளிதன்று. வளர்ந்தவன் தன் துன்பம் இன்னது என்று பாதியாவது சொல்லுவான். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது; தெரிந்தாலும் சொல்லாது. நகத்தைக் கடிக்கும், அடிக்கும், ஓடும், உறங்காது. அதன் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தால் அது தாளில் எதையோ வைக்கிறது. அந்த 'எதையோ' நாம் என்ன செய்வது என்பதுதான் இத்தொழிலின் முழுக் கேள்வியும். இதில்தான் நான் தவறினேன்.

சென்ற ஆண்டு களப்பயிற்சிக்காக என்னை நகரத்தின் ஓரத்திலுள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ரயில் நிலையங்களில் தனியே அலைந்த சிறுவர்கள், பெற்றோரின் இருப்பிடம் தெரியும்வரை தங்கும் இடம் அது. என் ஹிந்தியைப்பற்றிச் சங்கத்தார்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆட்டோக்காரர்களிடமே அது செல்லுபடியாவதில்லை. என்னிடம் வந்த ஒன்பது வயதுச் சிறுவன் பேசியதோ பீகார்ப் பக்கத்து மைதிலி கலந்த ஹிந்தி. ஆகவே எங்களுக்கிடையே பேச்சு என்று ஒன்று இருந்ததானால், அது தாளும் பென்சிலுமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் ஒரே வீட்டை வரைந்தான். சரிந்த கூரை, பக்கத்தில் ஒரு கைப்பம்பு, ஒரு தொட்டி, தொட்டியருகே எருமை ஒன்று. எருமைக்குக் கொம்பும் வாலும் மிக நன்றாக இருக்கும். வீட்டுக்குக் கதவு மட்டும் இராது. நான் புத்தகம் படித்தவள் அல்லவா? வீடு, மரம், மனிதன் என்று மூன்றை வரையச் சொல்லி மனத்தை அளக்க ஜான் பக் என்ற அமெரிக்கர் 1948இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கதவில்லாத வீடு, பிறரை உள்ளே விட விரும்பாத மனத்தைக் காட்டும் என்று அதைப் பின்பற்றுவோர் எழுதியிருக்கிறார்கள். 'அடைத்துக்கொண்ட உள்ளம்' என்று என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். நான்காவது சனிக்கிழமை, அவனுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, ஒரு சிவப்புக் கிரேயானை எடுத்து, "வீடு என்றால் கதவு வேண்டாமா, தம்பி?" என்று தமிழும் ஹிந்தியுமாய்ச் சொல்லி, அவன் வீட்டின் சுவரில் நானே ஒரு கதவை வரைந்தேன்.

அவன் கதவைப் பார்த்தான். பென்சிலைக் கீழே வைத்தான். எழுந்து போய்விட்டான். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வரவில்லை.

எங்களுக்கு வழிகாட்டும் அம்மையார் வெளிநாட்டில் இத்துறையில் பயின்றவர். என் குறிப்பேட்டை முழுதும் படித்தார். கடிந்துகொள்ளவில்லை, கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவன் எங்கே நின்றுகொண்டு இந்த வீட்டைப் பார்க்கிறான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் கேட்டிருக்கவில்லை. அவர் ஒரு சீட்டில் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்து, படித்துவிட்டு வரச் சொன்னார். ஃப்ரீடல் டிக்கர், ஈடித் கிரேமர். இருவரும் வியன்னாக்காரர்கள், ஆசிரியையும் மாணவியும்.

ஃப்ரீடல் டிக்கர் 1898இல் பிறந்தார். வீமார் நகரில் 1919இல் தொடங்கிய பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற கலைப் பள்ளியில் பயின்றார். ஓவியம், நெசவு, மரச்சாமான், மேடையமைப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அரசியல் காரணமாக 1934இல் வியன்னாவில் சிறைப்பட்டு, வெளிவந்தபின் பிராகு நகருக்குப் போனார். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஓடி வந்திருந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு அங்கே ஓவியம் கற்பித்தார். அப்போது அவருக்கு உதவியாக இருந்த இளம்பெண்தான் ஈடித் கிரேமர்.

1938இல் கிரேமர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஃப்ரீடல் போகவில்லை. 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் அவர் கணவரையும் டெரெசின் என்ற கோட்டை நகருக்கு அனுப்பினார்கள். பிராகுக்கு வடக்கே உள்ள அந்நகரம் முழுவதையும் யூதர்களை அடைத்துவைக்கும் முகாமாக மாற்றியிருந்தார்கள். ஒருவர் 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். அந்த 50 கிலோவில் ஃப்ரீடல் வரைபொருள்களையும் வைத்து எடுத்துப் போனார். நம் வீட்டில் ஊர் மாறும்போது எதை முதலில் கட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள்.

டெரெசினில் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடம் நடத்தத் தடை இருந்தது. படம் வரையத் தடை இல்லை. தாய் தந்தையரைப் பிரிந்து, நெருக்கடியான அறைகளில் அடுக்குக் கட்டில்களில் கிடந்த குழந்தைகளிடம் அவர் போனார். அலுவலகப் படிவங்களின் பின்புறம், பொதி சுற்றிய காகிதம், கிழிசல், எதுவும் தாள்தான். வகுப்பைக் கட்டளையோடு தொடங்கமாட்டார். தாளம் சொல்வார்; அத்தாளத்துக்கு ஏற்பக் குழந்தைகள் கோடு இழுக்கவேண்டும். மூச்சும் கையும் ஒன்றுபட்டுத் தளர்ந்தபிறகுதான் உருவம் வரும். வண்ணத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்யவும் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் தம் பெயரை எழுதவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விதி. முகாமில் அவர்களுக்கு எண் இருந்தது. தாளில் பெயர் இருந்தது.

அப்படங்களில் எதை எதிர்பார்ப்போம்? காவலர்களும் கஞ்சிக்கு நிற்கும் வரிசையும் சிலவற்றில் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் இருப்பவை வீடு, பூ, வண்ணத்துப்பூச்சி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்த குடும்பம். ஃப்ரீடல் அவற்றைப் பார்த்து 'ஏன் நீ முகாமை வரையவில்லை?' என்று கேட்டவர் அல்லர். பெரியவர்கள் தங்கள் வழியைக் குழந்தைகள்மேல் திணிக்க இத்தனை அவசரப்படுவது ஏன் என்பதே அவருடைய கவலை. 1943இல் முகாமுக்குள்ளேயே குழந்தை ஓவியத்தைப்பற்றி அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார்.

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போவதற்குமுன் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் வைத்து மறைக்கப்பட்டன. போருக்குப்பின் அவை பிராகு சென்று சேர்ந்து, இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் மிகப் பலர் திரும்பவில்லை. ஓவியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இங்கே நான் விடை வைத்திருக்கவில்லை. அது எவரையும் மரணத்திலிருந்து காக்கவில்லை. அன்றைய பொழுதில் அந்தக் குழந்தை தன் கையால் ஒன்றைச் செய்து, தன் பெயரை அதில் இட்டது. அம்மட்டும் உண்மை.

மாணவியின் கதை நீளமானது. கிரேமர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். போர்க்காலத்தில் ஒரு பட்டறையில் இயந்திரத் தொழிலாளியாக உழைத்தார். ஓய்வு நேரத்தில் அத்தொழிலாளரை வரைந்தார். 1950களின் தொடக்கத்தில் ஹட்ஸன் நதிக்கரையிலிருந்த வில்ட்விக் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. நியூயார்க்கின் ஏழைப் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் நீதிமன்றத்தின் வழியாக வந்த 8 முதல் 13 வயதுவரையுள்ள சிறுவர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அந்த அநுபவத்தை 1958இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1971இல் வந்த அவருடைய இரண்டாவது பெரிய நூல் இன்றும் எங்கள் துறையில் பாடமாக இருக்கிறது. பார்வையற்ற குழந்தைகளுடன் களிமண்ணை வைத்துப் பல ஆண்டுகள் பணிசெய்தார். 2014இல் 97ஆம் வயதில் மறைந்தார்.

கிரேமர் சொல்வதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு பாகுபாடு. குழந்தை வண்ணத்தை ஐந்து வகையாகக் கையாளுகிறது என்கிறார். சும்மா கிறுக்கிப் பூசிப் பார்ப்பது ஒன்று. கோபத்தை வாரி இறைப்பதுபோல் வண்ணத்தைக் கொட்டிக் கலக்குவது இரண்டாவது. அச்சத்துக்குக் கவசமாக ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைவது மூன்றாவது. சொல்லுக்குப் பதிலாகக் குறிபோட்டுச் செய்தி சொல்வது நான்காவது. ஐந்தாவதுதான் முழு உருவம்பெற்ற வெளிப்பாடு. அதில் பார்ப்பவரைத் தொடும் ஆற்றலும், உள்ளிசைவும், வேண்டாத கோடு ஒன்றும் இல்லாத சிக்கனமும் இருக்கும். குழந்தை முதல் நான்கில் எங்கே நின்றாலும் இகழக்கூடாது. ஐந்தாவதற்கு அது தானே ஏறிவர வழிசெய்யவேண்டும். ஏறிவந்தால், அதுவரை அடியும் உதையுமாய் வெளிவந்த வேகம் ஒரு வடிவத்துக்குள் அடங்குகிறது. படத்தை விளக்கிச் சொல்வதால் அன்று, படத்தைச் செய்து முடிப்பதாலேயே மனம் வலுப்பெறுகிறது என்பது அவர் கட்சி. இதற்கு மாறாக, படத்தை உள்மனத்தின் பேச்சாகக் கொண்டு, வரைந்தவரையே அதைப்பற்றிப் பேசவைக்கவேண்டும் என்றவர் மார்கரெட் நௌம்பர்க். இரு கட்சிக்கும் இன்று ஆட்கள் உண்டு. ஆனால் இருவருமே, பார்ப்பவர் தாமாகப் பொருள் சொல்லித் தீர்ப்பு எழுதலாம் என்று சொல்லவில்லை.

பின் சிகிச்சையாளருக்கு என்ன வேலை? 1986இல் கிரேமர் எழுதிய கட்டுரையொன்றில் 'மூன்றாவது கை' என்ற சொல்லை ஆள்கிறார். குழந்தைக்கு இரண்டு கை. அதற்குத் துணையாக நம்முடையது மூன்றாவது. சாயம் ஓடாதபடி தக்க பதத்தில் கலந்து வைப்பது அந்தக் கை. களிமண் யானையின் கால் ஒடியுமுன் உள்ளே ஒரு கம்பியைக் கொடுப்பது அந்தக் கை. குழந்தையின் எண்ணத்தை மாற்றாமல், தன் ரசனையைப் புகுத்தாமல், அது செய்ய நினைத்ததைச் செய்துமுடிக்க உதவவேண்டும். இதற்குச் சிகிச்சையாளர் தாமே நன்றாக வரையத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். வரையத் தெரியாதவருக்கு எங்கே கால் ஒடியும் என்று தெரியாது. இதைப் படித்த இரவு நான் என் குறிப்பேட்டை மறுபடி திறந்து பார்த்தேன். நான் நீட்டியதும் மூன்றாவது கைதான். அது இருக்கிற இரண்டையும் தள்ளிவிட்டது.

தொழில் குழந்தையோடு முடிவதில்லை. ஹன்னா க்வியாட்கோவ்ஸ்கா என்ற போலந்துக்காரர், அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் 1958 முதல் குடும்பங்களையே ஒன்றாக உட்காரவைத்து வரையச் செய்தார். ஒரே அமர்வில் ஆறு படங்கள்: விரும்பியது ஒன்று, குடும்பப் படம் ஒன்று, அதையே உருவமின்றி வண்ணமாகவும் வடிவமாகவும் ஒன்று, தனித்தனிக் கிறுக்கலிலிருந்து ஒன்று, எல்லாருமாய்ச் சேர்ந்து ஒன்று, முடிவில் மறுபடி விரும்பியது ஒன்று. சேர்ந்து வரையும் தாளில்தான் வீட்டின் அரசியல் தெரியும். எவர் முதலில் பென்சிலை எடுக்கிறார், எவர் கோட்டை எவர் அழிக்கிறார், மூலையில் ஒதுங்குவது எந்தப் பிள்ளை? அப்பா தம்மை எவ்வளவு பெரிதாக வரைகிறார் என்பதை அவரே பார்த்துத் திகைப்பது, பத்து உபதேசத்துக்குச் சமம். நம் ஊர்க் குடும்பம் ஒன்றை இப்படி உட்காரவைக்க எனக்கு ஆசைதான். என் குடும்பத்திலிருந்து தொடங்கலாம் என்றால், 'படம் போடவா எம்.ஏ. படிக்கிறாய்?' என்று கேட்கும் என் தந்தையாரைப் பென்சில் பிடிக்கவைப்பது எளிதன்று.

ஊர் முழுவதும் புண்பட்டிருந்தால்? இதற்குத் தமிழ் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற தோட்டம் திறக்கப்பட்டது. யேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் அதை அமைப்பதில் முன்னின்றவர்கள். ஒருவரையொருவர் அஞ்சியிருந்த தமிழ்ச் சிற்றூர்களிலிருந்தும் முஸ்லிம் சிற்றூர்களிலிருந்தும் குழந்தைகள் அங்கே வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, கூத்து, செடி, வளர்ப்பு விலங்குகள். அங்கே பணிசெய்தவர்களைச் சிகிச்சையாளர் என்று அழைக்கவில்லை. அங்கே வந்த குழந்தைகளை நோயாளிகள் என்றும் எண்ணவில்லை. போரைப்பற்றிச் சொல் என்று குழந்தையை நெருக்காமல், அது விளையாடிக் கொண்டே சொல்லும் நாளுக்குக் காத்திருந்தார்கள். பெயர் எதுவானாலும் கிரேமர் சொன்ன கைதான் அங்கும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தொழிலை நாடும் தோழர்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகள். பிரிட்டனில் ஓவியச் சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவுபெறாதவர் அப்பெயரை இட்டுக்கொள்ள முடியாது. முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் பணியும் வேண்டும். அந்நாட்டுச் சங்கம் 1964இலும் அமெரிக்கச் சங்கம் 1969இலும் தோன்றின. நம் நாட்டில் முறையான படிப்பு இன்னும் குறைவே. உளநூலோ சமூகப் பணியோ படித்து, ஓவியத்தையும் தனியே பயின்று, தேர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பழகுவதுதான் பலருக்கு வழியாக இருக்கிறது. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு குழந்தைகளின் மனத்தைத் திறக்கக் கிளம்புவோரும் உண்டு. அவர்களைக் கண்டால் விலகிப்போங்கள்.

வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. வாரந்தோறும் அதே நாள், அதே நேரம், அதே மேசை. கை நடுங்கும் குழந்தைக்கு நீர்வண்ணத்தைக் கொடுத்தால் அது ஓடிப் பரவி அச்சத்தைக் கூட்டும். பென்சிலோ கிரேயானோ கையடக்கமாக நிற்கும். இறுகிப்போன குழந்தைக்கு ஈரக் களிமண் நல்லது. படங்களைத் தேதியிட்டுக் கோப்பில் வைக்கவேண்டும். வரைந்தவர் சம்மதமின்றிச் சுவரில் ஒட்டக்கூடாது, பரிசு கொடுக்கக்கூடாது, 'அழகு' என்று சொல்வதற்கும் யோசிக்கவேண்டும். பிரியும் நாளை முன்கூட்டியே சொல்லவேண்டும். சம்பளம் சொற்பம்; பஸ் செலவு அதிகம்.

மூன்றாவது சனிக்கிழமை அந்தச் சிறுவன் வந்தான். நான் பென்சில்களைச் சீவி வைத்துவிட்டு, நாற்காலியைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டேன். அதே கூரை, அதே பம்பு, தொட்டி, எருமை. கதவில்லை. முடித்துவிட்டுத் தாளைத் தள்ளினான். அம்மையார் கேட்ட கேள்வியை என் ஓட்டை ஹிந்தியில் கேட்டேன்: "நீ எங்கே நிற்கிறாய்?"

தாளின் கீழ் ஓரத்தில், எருமைக்கும் இப்பால், விரலை வைத்தான். மேட்டின்மேல் நிற்பதாகக் கையால் காட்டினான். வீட்டின் பின்புறம் அது. ரயிலேறப் புறப்பட்ட அன்று அங்கிருந்துதான் திரும்பிப் பார்த்திருக்கிறான். கதவு அந்தப் பக்கம் என்றான். அம்மா கதவருகே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. இதை அவன் சொல்லி நான் புரிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு மணி நேரமாயிற்று. நடுவில் அரிசி புடைப்பதைக் காட்ட அவன் கோப்பு அட்டை ஒன்றை முறம்போல் பிடித்து ஆட்டினான்.

அடுத்த வாரம் அவன் வேறு படம் வரைந்தான். அதில் கதவு இருந்தது, முறமும் இருந்தது. அதற்கு நான் செய்தது, சிவப்புக் கிரேயான் தேய்ந்துபோனபோது புதிய ஒன்றை எடுத்துக் கொடுத்தது மட்டுமே. இரண்டு மாதங்களுக்குப்பின் அவன் ஊரைக் கண்டுபிடித்து அழைத்துப் போனார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. புறப்படும்போது கோப்பைத் திறந்து தன் படங்களையெல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டான். ஒன்றை மட்டும் மேசைமேல் விட்டுவிட்டுப் போனான். நான் கதவு வரைந்த தாள் அது. என் பெட்டியில் இருக்கிறது.